எட்டு ஃபிரேம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை தங்கவேல் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். எல்லோரும் என்றால் ஏழு பேர். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்து இரண்டரை வருடமாக நாங்கள் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமைப் பார்க்க, இருபத்தேழாம் தேதி சென்னையிலிருந்து இரண்டு பேர் வருகிறார்களாம். எங்களோடு உட்கார்ந்து ஆடியே பார்ப்பார்களாம். பிடித்துவிட்டால் கேமை முடிக்கும் வரை செலவு அவர்களுடையது. பிடிக்காவிட்டால் ஏப்ரலில் கடையைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான்.

"சண்டை நல்லா இருந்தா மத்ததெல்லாம் மன்னிச்சு உட்ருவாங்க. அது உங்க கையிலதானுங்க இருக்குது, ஜெசிந்தாக்கா" என்றார் தங்கவேல். பொள்ளாச்சிக்காரர், என்னைவிட ஏழு வயது சின்னவர். முதலாளி என்ற பந்தா கிடையாது.

என் கையில்தான் இருக்கிறது. இதில் எனக்குப் பொய்யான அடக்கமெல்லாம் கிடையாது. இந்தக் கேமில் ஒரு அடி எவ்வளவு கனமாக விழ வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். இருபத்தேழு வரை செய்கிற மாற்றங்களை எழுதி வைக்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

கேமின் பெயர் 'நால்வர்'. நான்கு பேர் சேர்ந்து ஆடுவது. நான்கு வீரர்கள், ஆளுக்கொரு சக்தி. எதிரியின் அடிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் நங்கூரம், கையில் மின்னல் ஏந்திய இடிமகள், ஓட்டக்காரி பாதரசம், காயம் ஆற்றும் வேம்பு. எதிரி தறியரக்கன். மூடிக் கிடக்கும் மில்லிலிருந்து எழுந்து வரும் நூறு கைப் பூதம். அவன் கை ஓங்கும்போது ஒரு மஞ்சள் பொறி தெறிக்கும். அந்தக் கணத்தில், ஆடும் கைப்பிடியில் உள்ள தடுப்புப் பட்டனை வலது கட்டைவிரலால் அழுத்தினால் அவன் தடுமாறுவான், மற்ற மூவரும் சேர்ந்து பாயலாம். அந்தக் கணம் எட்டு ஃபிரேம். ஒரு நொடியை அறுபதாக நறுக்கினால் கிடைக்கும் துண்டுதான் ஃபிரேம். போன ஆடி மாதத்தில் என் கட்டைவிரலை வைத்து நான் முடிவு செய்த எட்டு அது. ஒன்பது சவசவவென்று இருக்கும், ஏழு எரிச்சல் மூட்டும்.

தடுப்பு தவறினால் விழுவோம். விழுந்தவர் தானாக எழ முடியாது. இன்னொருவர் பக்கத்தில் வந்து இடது பக்கப் பட்டனைப் பிடித்தபடி நின்று தூக்கிவிட வேண்டும். தூக்குகிறவருக்கு அந்த நேரத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, அதனால் மூன்றாமவர் ஓடி வந்து மறைத்து நிற்க வேண்டும். கேமின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இன்று ஆடிப் பார்த்தேன். பத்து அடியில் ஆறு தவறியது. நவநீதன் நேற்று புரோகிராம் கோடில் ஏதோ கை வைத்தான், அதில் தாமதம் புகுந்திருக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

நவநீதன் எங்கள் புரோகிராமர். கோபிச்செட்டிபாளையம். என்ன திட்டினாலும் கோபம் வராத பிறவி, அதுவே சில நாள் எனக்குக் கோபத்தைக் கிளப்பும். பட்டனையும் திரையையும் சேர்த்து செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினான்.

"அமுக்குன ஒடனே வாங்கிக்குதுங்க்கா. லேட்டே இல்லீங்க."

"அப்போ எட்டுதான் தப்பு. பத்தாக்கு."

"எட்டு நல்லாத்தானுங்களே இருந்துச்சு?" என்றான், கீபோர்டைப் பார்த்தபடி.

"நீயா சண்டை டிசைனர்?"

பத்தாக்கினான். கொஞ்சம் பரவாயில்லை. சாயங்காலம் கீழே பேக்கரியில் டீ கிளாஸ் வழுக்கிப் புடவையெல்லாம் டீ. அந்தக் கடையில் கிளாஸைச் சரியாகக் கழுவுவதே இல்லை.

மார்ச் 7, சனி

உக்கடத்தில் இறால் வாங்கினேன். பழசு போல, தோல் உரிய மாட்டேன் என்றது. கால் கிலோ உரிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. தூத்துக்குடியில் பிறந்தவள் இறாலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் அல்போன்ஸ் சிரித்துக்கொண்டே வாங்கி உரித்துக் கொடுத்தார். பிறகு சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் என்பதால் யாரைப் பார்த்தாலும் நடை, உடம்பு என்று நோட்டம் விடுகிற வழக்கம் இவருக்கு. கட்டிய பெண்டாட்டியையுமா என்று கேட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பதிமூன்று ஃபிரேமாக்கச் சொன்னேன். கைப்பிடி பழசாகிவிட்டது, பட்டன் அழுந்த மறுக்கிறது. புதிது கேட்டிருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

புதுக் கைப்பிடி வந்தது. அதுவும் மட்டமான சரக்கு. இருபது.

மதியம் வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று மூன்று முறை போட வைத்தாள் ஒரு பெண். நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவில் யார் கையெழுத்துதான் பொருந்தும்?

மார்ச் 14, சனி

ஹபீபா நான்கு கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஆட விட்டாள். ஹபீபாவின் வேலையே அதுதான். கேமை நாள் முழுக்க ஆடி, பிறரையும் ஆட வைத்து, எங்கே சரியில்லை என்று சொல்வது. அவள் வாய்க்கு இங்கே தங்கவேலே பயப்படுவார்.

போன வருடம் இப்படி ஆட விட்டபோது கீழே பேக்கரியிலிருந்து ஆள் வந்து, என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு கூச்சல். இன்று சத்தமே இல்லை. நான்கு பேரும் நான்கு மூலையில் நின்று டக் டக் என்று தடுத்தார்கள். எவனும் விழவில்லை. ஒருவன் இடையில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தடுத்தான். தறியரக்கன் நூறு கையும் ஓய்ந்து செத்துப்போனான். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு பப்ஸ் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"ஒருத்தரும் ஒருத்தரைத் தூக்கலியே, ஏன்?" என்று கேட்டேன்.

"வுழுந்தாத்தானே அக்கா தூக்கறதுக்கு?" என்றாள் ஹபீபா. "இருபது ஃபிரேம்னா தூங்கிட்டே தடுக்கலாம். யாருக்கும் யாரும் வேண்டாம். அப்பறம் எதுக்கு நாலு பேரு?"

பிள்ளைகள் சாமர்த்தியசாலிகள், அதனால்தான் சுலபமாக இருந்தது. எதிரியைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும்.

மார்ச் 17, செவ்வாய்

தறியரக்கனின் உயிரை இரண்டு மடங்காக்கினேன். ஹபீபா ஆடி முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். என் முன்னால் வேண்டுமென்றே விட்ட கொட்டாவி.

மார்ச் 19, வியாழன்

தங்கவேல் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை.

"ஏனுங்க்கா, சண்டை தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி இருக்குதுங்க. பழைய எட்டுக்கே போயிரலாமுங்களா?"

"எட்டுல யாராலயும் ஆட முடியாது தங்கவேல்."

"ஹபீபா ஆடறாளுங்களே."

"அவளுக்கு இருபத்து மூணு வயசு."

"நீங்க எட்டு வெச்சப்ப உங்களுக்கு நாப்பத்தொண்ணுங்க. இப்ப நாப்பத்திரண்டு."

கணக்கெல்லாம் சரியாகத்தான் சொல்கிறார். நான் என் மேசைக்கு வந்துவிட்டேன். இந்த ஆபீஸில் ஏழு வீடுகளின் அடுப்பு எரிகிறது, அது எனக்கும் தெரியும். தங்கவேல் தென்னந்தோப்பை அடமானம் வைத்திருக்கிறார். அவர் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. இன்றாவது சொல்லிக் காட்டியிருக்கலாம்.

மார்ச் 21, சனி

ஒரு நல்ல செய்தி. நவநீதன் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, "தடுப்ப இடது பக்கம் மாத்தி வெச்சிருக்கறனுங்க்கா. எட்டுலயே ஒருக்கா ஆடிப் பாருங்க" என்றான். ஆடினேன். பத்துக்கு ஒன்பது! எட்டு ஃபிரேமில்! சின்னப் பெண் மாதிரி கத்திவிட்டேன்.

ஆக, பட்டன் இருந்த இடம்தான் இத்தனை நாளும் பிழை. வலது பக்கப் பட்டன் மனிதர்களுக்கு வசதியான இடமே இல்லை.

"அப்படியே வெச்சிடு" என்றேன்.

"முடியாதுங்க. அது தூக்கிவுடற பட்டனுங்க. வுழுந்தவங்க பக்கத்துல நிக்கறப்ப தடுக்கறதா தூக்கறதான்னு கேம் கொழம்பிரும். இன்னொரு எடம் ஒதுக்கி எல்லாத்தையும் மாத்தோணும்னா ஒரு மாசம் ஆகுமுங்க."

"பின்னே எதுக்கு என்னை ஆடச் சொன்னே?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தான். எங்கே பார்க்கிறான் என்று நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையைப் பார் என்று விரட்டிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்து படுத்தவளை அல்போன்ஸ் எழுப்பி, "ஏட்டி, கையக் காட்டு" என்றார். கட்டைவிரலின் அடிச்சதையை அமுக்கிப் பார்த்தார். இடது கையையும் எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"இந்தப் பக்கம் குழிஞ்சுல்லா கெடக்கு."

"தவக்காலம். ஒரு நேரம் சாப்பிடுறேன், இளைக்காதா?"

"ஒரு கை மட்டுமா இளைக்கும்? ராத்திரி தூக்கத்துல கைய உதறிட்டே கெடக்கிய ஜெசி. நான் முழிச்சுப் பாத்துட்டுத்தான இருக்கேன். டாக்டர்ட்ட போவோம்."

"இருபத்தேழு முடியட்டும்."

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதைக்கும் வரமாட்டே."

"வரமாட்டேன்" என்று கையை உருவிக்கொண்டேன். பிறகு பாத்திரம் துலக்கினேன். அவர்மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துலக்கிக்கொண்டிருக்கும்போதே, இது கோபம் இல்லை, பயம் என்று பட்டது. உடனே ரேடியோவைப் போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் பக்கத்து அறையில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் ஹபீபாவும் இன்னும் மூன்று பேரும் போன வருடத்துப் பழைய பதிப்பைப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு ஃபிரேம். "வந்து தூக்கு, வந்து தூக்குடா!" "மறைச்சுக்கோ, மறைச்சுக்கோ!" என்று நாற்காலியில் பாதி எழுந்து நின்று ஆடினார்கள். ஹபீபா என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அறையே அடங்கிப்போனது. நான் வந்தால் சிரிப்பு நிற்கிறது. இதை எப்போது சம்பாதித்தேன்?

என் மேசைக்கு வந்து தடுப்பை எட்டாக்கினேன். தறியரக்கனின் உயிரையும் பழையபடி பாதியாக்கினேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஏனென்றால் அதுதான் சரி. அது எவ்வளவு நல்ல கேம்!

"வெள்ளிக்கிழமை ஹபீபா நங்கூரம் ஆடட்டுமே" என்று தங்கவேலிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"சண்டைய வடிவமைச்சவங்களோட ஆடோணும்னு அவங்களே கேட்டிருக்கறாங்க்கா."

தடுப்பு அவ்வளவாகத் தேவைப்படாத வேம்பை நான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நங்கூரம் என்றால் ஜெசிந்தா என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மாற்றினால் ஏன் என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

மார்ச் 26, வியாழன்

பத்துக்கு மூன்று. நாளைக்குச் சரியாகிவிடும்.

மார்ச் 27, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இடது கையால் எழுதுகிறேன், அதனால் கோணல்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். வைதேகி என்று ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். கூட இம்ரான் என்று ஒருவர். அம்மா இடிமகளை எடுத்துக்கொண்டார், இம்ரான் பாதரசம், ஹபீபா வேம்பு, நான் நங்கூரம். தங்கவேலும் நவநீதனும் பின்னால் நின்றார்கள்.

தறியரக்கன் முதல் கையை ஓங்கினான். தடுத்தேன். இரண்டாவதையும் தடுத்தேன். அப்பாடா என்று இருந்தது. மூன்றாவது பொறி தெறித்தது, என் விரல் போனது, லேட். எனக்கு நன்றாகத் தெரிந்தது. உப்புக் கூடிப்போனது நாக்கில் பட்டதும் தெரிகிற மாதிரி தெரிந்தது. அது கட்டாயம் அடி விழ வேண்டிய அழுத்தல். ஆனால் 'டங்' என்று தடுப்புச் சத்தம் கேட்டது. நான்காவது அதைவிட லேட். மறுபடியும் டங்.

இம்ரானைப் பார்த்தேன். அவருக்கு எட்டு எட்டாகவேதான் இருந்தது, அடிபட்டு விழுந்துகொண்டிருந்தார். எனக்கு மட்டும் யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். திரும்பி நவநீதனைப் பார்த்தேன். காதெல்லாம் சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கவேலும் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த நிமிடம் எனக்கு வந்தது அவமானம்தான். ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இது லேட், இது இன்னும் லேட் என்று என்னால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதே. அப்படியானால் இத்தனை நாளும் எனக்கு எது தெரியாமல் இருந்தது? கோடு, கைப்பிடி, பட்டன், எல்லாவற்றையும் திட்டினேனே.

ஆட்டத்தை நிறுத்தினேன்.

"நவநீதா, எனக்கு மட்டும் எவ்வளவு வெச்சிருக்கே?"

"இருபத்திரண்டுங்க்கா."

"அக்கா, அப்பறமா பேசிக்கலாமுங்க" என்றார் தங்கவேல், அவசரமாக.

"என்ன விஷயம்?" என்று கேட்டார் வைதேகி.

ஒன்றுமில்லை மேடம், சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"என் வலது கட்டைவிரல் வேலை செய்யல மேடம்" என்றேன். "சொன்ன நேரத்துக்குப் போக மாட்டேங்குது. அது வெளியே தெரியக் கூடாதுன்னு மூணு வாரமா இந்தக் கேமைக் கெடுத்து வெச்சிருந்தேன். இவங்க எனக்காகத் திருட்டுத்தனம் பண்ணியிருக்காங்க. அன்புல பண்ணினது. ஆனா இது நீங்க பாக்க வேண்டிய கேம் இல்ல. நவநீதா, எட்டுக்குக் கொண்டு வா."

குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். நவநீதன் வந்து மாற்றினான்.

மறுபடி தொடங்கினோம். இரண்டாவது அடியிலேயே விழுந்தேன்.

"யாராவது மறைச்சுக்குங்க, நான் தூக்கறேன்!" என்று வைதேகி கத்தினார். இம்ரான் ஓடி வந்து மறைத்தார். எழுந்தேன். அரை நிமிடத்தில் மறுபடி விழுந்தேன். இப்போது ஹபீபா, "வந்துட்டேன்க்கா, வந்துட்டேன்!" என்று பறந்து வந்து தூக்கினாள். அவளைக் காப்பாற்றப் போய் இம்ரான் விழுந்தார். அவரைத் தூக்க நான் போனேன். தூக்குவது இடது பட்டன், அதில் எனக்குப் பிழையே வராது. அறை முழுக்கக் கூச்சல். வைதேகியின் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது, அதை இறக்கிவிட அவருக்குக் கை ஒழியவில்லை. கீழே பேக்கரியிலிருந்து ஒருவர் படியேறி வந்து கதவோரம் நின்றார்.

ஆறு முறை விழுந்தேன், ஆறு முறையும் தூக்கினார்கள். ஏழாவது முறை விழுந்தபோது தறியரக்கனுக்குக் கொஞ்சம் உயிர்தான் மிச்சம். வைதேகி என்னிடம் ஓடி வந்தார்.

"தூக்காதீங்க!" என்று கத்தினேன். "நான் பாத்துச் சொல்றேன். நீங்க அவனைப் பாருங்க."

கீழே கிடந்தபடியே சொன்னேன். அவனுடைய ஒவ்வொரு கையும் நான் வைத்தது. எந்தக் கை எப்போது ஓங்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்.

"இடது பக்கம், மேல் கை. பொறுங்க. பொறுங்க. இப்போ!"

டங்.

"இம்ரான், உங்களுக்கு. இப்போ! ஹபீபா, அடுத்தது உனக்கு, ஏமாத்துவான், அவசரப்படாதே. இப்போ!"

டங். டங். மூன்று பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள். தறியரக்கன் சரிந்தான். அறையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை. ஹபீபா என் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள். நான் ஓவென்று அழுதேன். வெட்கமாகவே இல்லை.

வைதேகி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இம்ரானிடம் கேட்டார், "ஃபிளைட்டுக்கு நேரம் இருக்கா? இன்னொரு ஆட்டம் ஆடலாமா?"

மார்ச் 30, திங்கள்

காலையில் தங்கவேலிடமிருந்து போன். முதலில் மூக்கைத்தான் உறிஞ்சினார். நான் பயந்துவிட்டேன்.

"எடுத்துக்கிட்டாங்க்கா" என்றார் பிறகு. "ஒரே கண்டிசன். முடியற வரைக்கும் சண்டைய நீங்கதான் பாத்துக்கோணுமாம். கை ஹபீபாவோடது போதுமாம், கண்ணு உங்களது வேணுமாம்."

பதினொரு மணிக்கு, உக்கடத்துக்குப் பக்கத்து ராமநாதபுரத்தில் நரம்பு டாக்டர். அல்போன்ஸ் லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டர் என் கட்டைவிரலை அவருடைய விரலுக்கு எதிராகத் தள்ளச் சொன்னார். முழு பலத்தோடு தள்ளினேன். அவர் விரல் அசையவே இல்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறதாம், அறுவை செய்து விடுவிக்கலாம், மரத்துப்போவது நிற்கும், தேய்ந்துபோன சதை எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

மூன்று வாரமாக என்று சொல்லத் தயாராக இருந்தேன். அல்போன்ஸிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"டிசம்பர்லருந்து" என்றேன். "கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டும்போது முடிச்சுப் போட வரல."

அல்போன்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஸ்டூலில் ஏறி அந்த முடிச்சைப் போட்டது அவர்தான். கயிறு மட்டம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

"நல்ல கயிறுட்டி அது" என்றார். "நானே பாத்து வாங்குனது."